கணிப்பொறிக்குள் 65,536 கதவுகள்

1993-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அது தேர்வுக் காலம். மாணவர்கள் தம் கட்டுரைகளைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்வதும், வலைப்பின்னல் வழியே அச்சுப்பொறிக்கு அனுப்புவதும், ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவதுமாக இருக்கும் வேளை. அன்றைக்குப் பார்த்து அந்த வலைப்பின்னல் தள்ளாடத் தொடங்கியது. எங்கும் வெட்டுப்படவில்லை, எந்தப் பெட்டியும் எரிந்துபோகவில்லை. அன்று வெளிவந்த ‘டூம்’ என்ற ஒரு விளையாட்டைச் சில மாணவர்கள் தங்களுக்குள் இணைந்து ஆடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்! இது தேர்வு நேரம், வலைப்பின்னல் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, தயவுசெய்து இந்த விளையாட்டைக் கூட்டாக ஆடாதீர்கள் என்று பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிப் பிரிவினர் எல்லாருக்கும் வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. கணிப்பொறிச் சில்லுகளைத் தயாரிக்கும் இன்டெல் நிறுவனமும் தன் அலுவலகங்களில் அதற்குத் தடை விதித்தது.

ஓர் ஆட்டத்தில் சேரக்கூடியவர்கள் அதிகம் போனால் நான்கு பேர். ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் உள்ள ஓர் அமைப்பை நான்கு பேர் நான்கு பேராகச் சேர்ந்து எப்படித் திணற வைக்க முடியும்? இதை அறிய வேண்டுமானால், கணிப்பொறிகளுக்குள் இருக்கும் ‘கதவு’களைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே முகவரி, பல அறைகள்

மாணவர்களே! ஒரு பெரிய விடுதியை எண்ணிப் பாருங்கள். விடுதிக்கு முகவரி ஒன்றே ஒன்றுதான். தபால்காரர் அந்த முகவரியைப் பார்த்துக் கடிதக் கட்டை வாயிலில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எந்தக் கடிதம் எந்த அறைக்கு என்று பிரித்துக் கொடுப்பது வாயிலில் இருப்பவரின் வேலை. அதற்கு அவர் பார்ப்பது உறையின் மேல் எழுதியுள்ள அறை எண்ணை.

வலைப்பின்னலில் இணைந்த கணிப்பொறியும் இப்படித்தான். ஒரே சமயத்தில் அது மின்னஞ்சலைப் பெறுகிறது, கோப்புகளை அனுப்புகிறது, விளையாட்டும் ஆடுகிறது. வருகின்ற செய்திகள் எல்லாம் சிறு சிறு பொட்டலங்களாக ஒரே கம்பியில் வரிசையாக வந்து சேர்கின்றன. எந்தப் பொட்டலம் எந்தப் புரோகிராமுக்கு உரியது? பொட்டலத்தின் தலைப்பகுதியில் அதற்கென்று ஓர் எண் இருக்கிறது. அதற்குப் ‘போர்ட்’ எண் என்று பெயர். நாம் கதவு எண் என்று சொல்லிக்கொள்வோம்.

போர்ட் என்றதும் கணிப்பொறியின் பின்புறம் கம்பி செருகும் துளைகளைத் தேடாதீர்கள். அவற்றுக்கும் போர்ட் என்ற பெயர் உண்டு. ஆனால் நாம் பேசும் கதவு கண்ணுக்குத் தெரிவதன்று. பொட்டலத்தின் தலையில் உள்ள 16 பிட் நீளமுள்ள ஓர் எண், அவ்வளவே. 16 பிட்டுகளில் எழுதக்கூடிய எண்கள் எத்தனை? இரண்டை 16 தடவை பெருக்கிப் பாருங்கள், 65,536 வரும். ஆகவே 0 முதல் 65,535 வரை கதவு எண்கள் உண்டு. (0 என்னும் கதவை யாரும் பயன்படுத்துவதில்லை.) ஒவ்வொரு பொட்டலத்திலும் இப்படி இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று போய்ச் சேர வேண்டிய கதவு. மற்றொன்று புறப்பட்ட கதவு. பதில் எழுதுகிறவருக்கு அனுப்பியவரின் அறை எண்ணும் தெரிய வேண்டும் அல்லவா?

எண்களைக் கொடுத்தவர்

முன்பின் அறியாத ஒரு விடுதிக்குக் கடிதம் எழுதுகிறோம். ‘கோப்புகளைக் கவனிப்பவர்’ எந்த அறையில் இருக்கிறார் என்று நமக்கு எப்படித் தெரியும்? எல்லா விடுதிகளிலும் அவர் 21-ஆம் அறையில்தான் இருப்பார் என்று முன்கூட்டியே ஊரறியப் பேசி வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. இந்த யோசனையை 1972-ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுத்தில் முன்வைத்தவர் ஜான் போஸ்டல். அப்போது அவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். எண்களை வழங்க ஒருவர் வேண்டும், அது நானாகவே இருக்கலாமே என்று பாதி வேடிக்கையாக எழுதினார். அது அப்படியே நிலைத்துவிட்டது! 1998 அக்டோபரில் அவர் மறையும் வரை இணையத்தின் எண்களைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தது.

அந்தப் பட்டியலில் ஒரு விசித்திரம் உண்டு. கோப்பு அனுப்ப 21, தொலைவிலுள்ள கணிப்பொறியில் அமர்ந்து வேலை செய்யும் ‘டெல்நெட்’டுக்கு 23, மின்னஞ்சலுக்கு 25. எல்லாம் ஒற்றைப்படை எண்கள்! ஏன்? அக்காலத்து ‘ஆர்ப்பாநெட்’ வலைப்பின்னலில் ஓர் இணைப்பு என்பது ஒருவழிப் பாதை. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று இரட்டை, அடுத்தது ஒற்றை. 1983 ஜனவரி 1-ஆம் நாள் ஆர்ப்பாநெட் டி.சி.பி. என்னும் புதிய முறைக்கு மாறியது. அதில் இணைப்பு இருவழிப் பாதை என்பதால் ஓர் எண்ணே போதும். ஆனால் பழக்கப்பட்ட ஒற்றை எண்கள் அப்படியே தங்கிவிட்டன. நடுவிலுள்ள இரட்டை எண்களில் பல வெறுமையாகக் கிடந்தன. 1995-இல் டாட்டு யுலோனென் என்ற பின்லாந்து நாட்டவர், டெல்நெட்டுக்குப் பதிலாகத் தாம் உருவாக்கிய பாதுகாப்பான முறைக்கு ஓர் எண் கேட்டபோது, 21-க்கும் 23-க்கும் நடுவே இருந்த 22 அவருக்குக் கிடைத்தது.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 21-ஆம் கதவில் கோப்புக்காரர்தான் உட்கார வேண்டும் என்று எந்த மின்சுற்றும் கட்டாயப்படுத்தவில்லை. இரு தரப்பாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவே. இந்த ஒப்பந்தத்தை விளையாட்டுப் புரோகிராம்களை எழுதியவர்கள் பயன்படுத்திய விதமும், சில சமயம் சறுக்கிய விதமும்தான் இனிச் சொல்லப்போவது.

இரவு நேரத்து நிலவறைகள்

பலர் கூடி ஆடும் கணிப்பொறி விளையாட்டு 1993-இல் புதிதன்று. 1978-இலேயே இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் ‘மட்’ என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். படம் கிடையாது. ‘நீ ஒரு குறுகிய பாதையில் நிற்கிறாய்’ என்பதுபோல் எழுத்துகள்தாம் திரையில் வரும். ‘வடக்கே போ’ என்று தட்டினால் வடக்கே போகலாம். அங்கே வேறொரு மாணவர் நின்றுகொண்டிருக்கலாம். இதைப் பின்பற்றி ஏராளமான விளையாட்டுகள் பிறந்தன. எல்லாவற்றுக்கும் ‘மட்’ என்பதே பொதுப் பெயராயிற்று.

1980-களின் இறுதியில் இவை பல்கலைக்கழகக் கணிப்பொறிகளில், பெரும்பாலும் மாணவர்களாலேயே, நடத்தப்பட்டன. அவற்றுக்கு எந்தக் கதவு? 23-இல் உட்காரலாமே என்றால் முடியாது. யூனிக்ஸ் கணிப்பொறிகளில் 1,024-க்குக் குறைந்த எண்ணுள்ள கதவுகளில் கணிப்பொறியின் நிருவாகி மட்டுமே புரோகிராமை உட்கார வைக்க முடியும். காரணம் எளிது. நூறு மாணவர்கள் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், ஒருவன் 23-ஆம் கதவில் போலி டெல்நெட்டை உட்கார வைத்து மற்றவர்களின் கடவுச்சொற்களைத் திருடிவிடக் கூடாதல்லவா?

எனவே மாணவர்கள் உயர்ந்த எண்களுக்குப் போனார்கள். 1989-இல் கார்னகி மெலனில் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் எழுதிய ‘டைனிமட்’ 4201-ஆம் கதவில் காத்திருந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஐவர் எழுதிய ‘டிக்குமட்’டுக்கு 4000. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் நடத்திய ‘லாம்டாமூ’வுக்கு 8888. இவற்றை ஆடத் தனிப் புரோகிராம் எதுவும் வேண்டியதில்லை. டெல்நெட்டைக் கூப்பிட்டு, கணிப்பொறியின் பெயரைத் தட்டி, அதன் பின்னால் 4201 என்று சேர்த்துவிட்டால், டெல்நெட் தன் வழக்கமான 23-ஐ விட்டுவிட்டு 4201-ஆம் கதவைத் தட்டும். அந்த எண் தெரியாதவருக்கு அங்கே ஒரு விளையாட்டு ஓடுகிறது என்பதே தெரியாது. எனவே கணிப்பொறியின் பெயரும் கதவின் எண்ணும் சேர்ந்த பட்டியல்களை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள்.

பதிவுத் தபாலும் அஞ்சலட்டையும்

எழுத்தில் ஆடுகிறவரை அவசரம் இல்லை. ஆனால் விண்கலம் பறக்கும் விளையாட்டில் நொடியின் பத்தில் ஒரு பங்கும் முக்கியம். இங்கேதான் இரண்டு வகைத் தபால்கள் வருகின்றன.

டி.சி.பி. முறை பதிவுத் தபால் போன்றது. ஒவ்வொரு பொட்டலமும் கிடைத்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளும். கிடைக்காவிட்டால் மறுபடி அனுப்பும். வரிசை மாறாமல் கொடுக்கும். யு.டி.பி. முறை அஞ்சலட்டை போன்றது. எழுதிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்ற கவலை அதற்கு இல்லை. இரண்டுக்கும் தனித்தனியே 65,536 கதவுகள் உண்டு.

பதிவுத் தபால்தானே சிறந்தது என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ‘என் விண்கலம் இப்போது இங்கே இருக்கிறது’ என்று சொல்லும் பொட்டலம் ஒன்று வழியில் தொலைந்துவிட்டது. டி.சி.பி. அதை விடாப்பிடியாக மறுபடி கேட்டு வாங்கும். அது வந்து சேரும் வரை, பின்னால் வந்த புதிய பொட்டலங்களை வெளியிலேயே நிறுத்தி வைக்கும். கடைசியில் கைக்குக் கிடைப்பது விண்கலம் முன்பு எங்கே இருந்தது என்ற பழங்கதை! 16 பேர் வரை ஆடக்கூடிய ‘நெட்ரெக்’ என்ற விண்வெளிப் போர் விளையாட்டு 1988-இல் பெர்க்லியில் பிறந்தது. 2592-ஆம் கதவு அதனுடையது. அது முதலில் டி.சி.பி.யில்தான் ஓடியது, யு.டி.பி. வசதி பிறகு சேர்க்கப்பட்டது. அதற்குப் பின் வந்த வேகமான விளையாட்டுகள் பெரும்பாலும் அஞ்சலட்டையையே நம்பின.

‘டூம்’ போட்ட கூச்சல்

இப்போது 1993 டிசம்பருக்குத் திரும்புவோம். டெக்சஸ் மாநிலத்தில் இருந்த ‘ஐடி சாப்ட்வேர்’ என்ற சிறு நிறுவனம் டூம் விளையாட்டை எழுதியது. அதை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி விஸ்கான்சினில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியில் ஏற்றி வைப்பதாக ஏற்பாடு. அதுவும் கோப்புகளுக்கான நமது பழைய 21-ஆம் கதவு வழியாகத்தான். ஆர்வத்தோடு காத்திருந்தவர்களே எல்லா இடங்களையும் அடைத்துக்கொண்டதால், விளையாட்டை ஏற்ற வந்தவர்களுக்கே உள்ளே இடம் கிடைக்கவில்லை!

டூம் ஆட்டத்தில் கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று படங்களை அனுப்புவதில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரரும் எந்த விசையை அழுத்தினார், எந்தப் பக்கம் திரும்பினார் என்பதை மட்டும் 8 பைட்டுகளில் அடக்கி, நொடிக்கு 35 தடவை அனுப்புகின்றன. நான்கு கணிப்பொறிகளும் அதே கணக்கைத் தனித்தனியே போட்டு, அதே உலகத்தைத் தத்தம் திரையில் வரைந்துகொள்கின்றன. சிக்கனமான, அழகான ஏற்பாடு. பிறகு கோளாறு எங்கே வந்தது?

அன்று அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நாவெல் நிறுவனத்தின் ஐ.பி.எக்ஸ். என்ற தபால் முறை பரவலாக இருந்தது. அதிலும் கதவு எண் உண்டு. அங்கே அதற்குப் பெயர் ‘சாக்கெட்’. டூமின் சாக்கெட் எண் 34,460. எண்ணில் குற்றம் இல்லை. குற்றம் முகவரியில் இருந்தது. மற்ற மூவருக்கும் தனித்தனியே மூன்று பொட்டலங்கள் அனுப்புவதற்குப் பதிலாக, ‘இந்த வலைப்பின்னலில் உள்ள எல்லாருக்கும்’ என்று எழுதி ஒரே பொட்டலமாக அனுப்பியது டூமின் முதல் பதிப்பு. புரோகிராம் எழுதுகிறவருக்கு வேலை மிச்சம். நான்கே கணிப்பொறிகள் உள்ள ஓர் அறையில் சோதித்துப் பார்த்தால் இதில் ஒரு குறையும் தெரியாது.

இதன் விளைவைப் புரிந்துகொள்ளக் கணிப்பொறிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். கம்பியை இணைக்கும் ‘ஈதர்நெட்’ அட்டை ஒவ்வொன்றுக்கும் 48 பிட் நீளமுள்ள சொந்த முகவரி இருக்கிறது. வேறொருவருக்கு வரும் பொட்டலத்தை அந்த அட்டையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கணிப்பொறியின் மூளையான பிராசசருக்கு அதனால் தொந்தரவே இல்லை. இது முதல் வாயில். கதவு எண்ணைப் பார்ப்பது கடைசி வாயில். அதைப் பார்க்க வேண்டியது பிராசசர்தான். ‘எல்லாருக்கும்’ என்னும் முகவரி 48 பிட்டும் 1 ஆக இருப்பது. அதைக் கண்டால் எந்த அட்டையும் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். உடனே பிராசசர் தான் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும். கதவு எண் 34,460. அந்தக் கதவில் யாரும் இல்லை. தூக்கி எறிந்துவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பும். இது நொடிக்கு எத்தனை தடவை? நான்கு ஆட்டக்காரர், ஆளுக்கு 35. ஆக 140 தடவை. பல்கலைக்கழகத்தில் ஒரே சமயத்தில் 10 ஆட்டங்கள் நடப்பதாக வைத்துக்கொண்டால் 1,400 தடவை! விளையாட்டின் பெயரையே கேள்விப்படாத ஒரு பேராசிரியரின் கணிப்பொறியும், தேர்வுக் கட்டுரையை எழுதும் மாணவியின் கணிப்பொறியும் இந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

கம்பி நிரம்பியதால்தான் திணறல் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பொட்டலம் 100 பைட் என்று கொண்டால், ஓர் ஆட்டத்தின் 140 பொட்டலங்கள் 1,12,000 பிட்டுகள். அன்றைய ஈதர்நெட் கம்பியில் நொடிக்கு 1 கோடி பிட்டுகள் செல்லும். ஆக, நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். விடுதியில் நான்கு நண்பர்கள் பேசிக்கொள்ள ஒலிபெருக்கியைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? அவர்கள் பேசுவது நாலே வார்த்தைதான். ஆனால் விடுதி முழுவதும் நிமிர்ந்து பார்க்கும். ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ‘பாலம்’ என்னும் இணைப்புக் கருவிகளும் இந்தக் கூச்சலை அடுத்த பக்கத்துக்கு அப்படியே கடத்திவிடும். அந்த இணைப்பு வேகம் குறைந்ததாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

1994 பிப்ரவரியில் வந்த 1.2 பதிப்பில் இதைத் திருத்தினார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் வரைதான் ஒலிபெருக்கி. ஆட்டம் தொடங்கிய பிறகு உரியவருக்கு மட்டும் கடிதம்.

டூமுக்கு இன்னோர் எண்ணும் உண்டு. இணையத்தின் அதிகாரபூர்வமான பட்டியலில் 666-ஆம் கதவு டூமின் பெயரில் பதிவாகியிருக்கிறது. விவிலியத்தின் கடைசி நூலில் 666 தீய விலங்கின் எண். நரகத்துப் பூதங்களோடு போரிடும் விளையாட்டு என்பதால் இந்தக் குறும்பு. ஆனால் 666 என்பது 1,024-க்குக் குறைவு அல்லவா? யூனிக்ஸ் கணிப்பொறியில் சாதாரண ஆட்டக்காரர் அந்தக் கதவில் உட்காரவே முடியாதே! 1997 டிசம்பரில் டூமின் மூலநிரல், லினக்ஸில் ஓடும் பதிப்பாக, வெளியிடப்பட்டபோது விடை தெரிந்தது. அதில் எழுதியிருந்த எண் 5029. சாதாரணப் புரோகிராம்களுக்கு என்று யூனிக்ஸ் வழக்கில் ஒதுக்கிய 5000-க்கு மேல் 29 கூட்டியது. பட்டியலில் பெருமைக்கு ஓர் எண், வேலைக்கு வேறோர் எண்! போதாததற்கு, 666-க்கு நேரே அச்சுப்பணிகளை வரிசைப்படுத்தும் ஒரு பழைய புரோகிராமின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது.

முன்வாசலும் பின்வாசலும்

1996 ஜூனில் அதே நிறுவனம் ‘குவேக்’ விளையாட்டை வெளியிட்டது. இது இணையத்துக்கென்றே அமைந்தது. நடுவில் ஒரு சர்வர். ஆட்டக்காரர்கள் எல்லாரும் அதோடு மட்டும் பேசுவார்கள். கதவு எண் 26000, யு.டி.பி. முறை.

ஆட்டக்காரர் 26000-ஐத் தட்டுகிறார். ‘வரலாம்; ஆனால் இனி நீ பேச வேண்டிய கதவு இது’ என்று சர்வர் வேறோர் எண்ணைக் கொடுக்கிறது. அந்த இரண்டாம் எண் நிலையானதன்று. அந்த நேரத்தில் எது காலியாக இருக்கிறதோ அதை இயக்க மென்பொருள் எடுத்துக் கொடுக்கும். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு தனிக்கதவு. உள்ளே ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் 1990-களின் நடுவில் நிறுவனங்கள் தங்கள் வலைப்பின்னலின் வாயிலில் ‘ஃபயர்வால்’ என்னும் காவலை நிறுத்தத் தொடங்கியிருந்தன. ‘26000-க்கு வருவதை மட்டும் விடு’ என்று காவலுக்குச் சொல்லிவைக்கலாம். அடுத்து எந்த எண் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆட்டக்காரருக்கு ‘வரலாம்’ என்ற பதில் கிடைக்கும். அதற்குப் பின் ஒரே மௌனம். முன்கூட்டி அறிந்திருப்பதுதான் கதவு எண்ணின் பயனே. அறிய முடியாத எண்ணைக் கொடுத்தது, என் கருத்தில், தவறான தேர்வு.

தவறை அவர்களே உணர்ந்தார்கள் என்று தோன்றுகிறது. 1996 டிசம்பரில் டெலிபோன் மோடம் வழியே ஆடுகிறவர்களுக்காக ‘குவேக்வேர்ல்டு’ என்ற மாற்றுப் பதிப்பை வெளியிட்டார்கள். அதில் சர்வருக்கு ஒரே கதவுதான், எண் 27500. எல்லா ஆட்டக்காரரும் அதே கதவுக்கு எழுதுவார்கள். யார் எழுதியது என்பதைப் பொட்டலம் புறப்பட்ட முகவரியையும், புறப்பட்ட கதவு எண்ணையும் பார்த்துச் சர்வர் அறிந்துகொள்ளும். புறப்பட்ட கதவு என்று ஓர் எண் இருப்பதை முன்பே பார்த்தோம். அது இங்கே கைகொடுத்தது.

ஆனால் அதிலும் ஒரு முள். இணைய முகவரி 32 பிட் நீளம். உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி முகவரிகள்தாம். அவை போதாமல் போகவே, பல கணிப்பொறிகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் தந்திரம் வந்தது. வாயிலில் உள்ள ‘ரூட்டர்’ என்னும் கருவி, வெளியே போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் புறப்பட்ட கதவு எண்ணையும் அழித்துத் தன் விருப்பப்படி ஓர் எண்ணை எழுதும். பதில் வந்ததும் தன் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். மோசமான சில ரூட்டர்கள் ஆட்டத்தின் நடுவிலேயே இந்த எண்ணை மாற்றிவிட்டன. சர்வரின் கண்ணுக்கு என்ன தெரியும்? நேற்றுவரை பழகிய ஆட்டக்காரர் மறைந்துவிட்டார். யாரோ அந்நியர் வந்து நிற்கிறார்!

இதற்கு அவர்கள் கண்ட மருந்து மிக எளியது. ஆட்டக்காரரின் புரோகிராம் ஆட்டத் தொடக்கத்தில் 16 பிட்டில் ஏதோ ஓர் எண்ணைத் தேர்ந்துகொண்டு, அதைப் பொட்டலத்தின் உள்ளே எழுதிவிடும். ரூட்டர் உறையின் மேல் உள்ளதைத்தான் மாற்றும். கடிதத்தின் உள்ளே கை வைக்காது. முகவரி பழையதாக இருந்து, உள்ளே இருக்கும் எண்ணும் பொருந்தினால், வெளியே உள்ள கதவு எண் மாறியிருந்தாலும் அவர் பழைய ஆள்தான் என்று சர்வர் ஏற்றுக்கொள்ளும்; பதிலைப் புதிய எண்ணுக்கு அனுப்பும். இந்த உள் எண்ணுக்குக் ‘கியூபோர்ட்’ என்று பெயர். பின்னர் வந்த ‘குவேக் 2’ (கதவு 27910), ‘குவேக் 3’ (கதவு 27960) ஆகியவற்றிலும் இது தொடர்ந்தது.

ஒரே கதவில் இருவர்

இணையத்தில் எண் தருவதற்கு ஒரு பட்டியல் இருந்தாலும், அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பனிச்சறுக்குப் பலகையில் போவதுபோல் எண்களின் மேல் நழுவிப் போனவர்கள் பலர். லாம்டாமூ மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் கதவு 7777; 1998-இல் வந்த ‘அன்ரியல்’ என்ற சுடும் விளையாட்டுக்கும் 7777. இதில் யாருக்கும் நட்டமில்லை. இரண்டும் ஒரே கணிப்பொறியில் உட்கார்ந்தால்தானே சண்டை!

ஆனால் 6112-இன் கதை வேறு. பிளிசார்ட் நிறுவனம் 1996-இல் தொடங்கிய ‘பேட்டில்.நெட்’ சேவையும், 1998-இல் வந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ விளையாட்டும் 6112-ஆம் கதவைப் பயன்படுத்தின. பட்டியலிலோ அந்த எண் யூனிக்ஸ் கணிப்பொறிகளின் மேசைத்திரை மென்பொருளின் ஒரு பகுதிக்கு உரியது. அந்தப் பகுதியில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே அந்நியர்கள் கணிப்பொறிக்குள் புகுகிறார்கள் என்று 2002 ஜனவரியில் அமெரிக்காவின் ‘செர்ட்’ என்ற கணிப்பொறிப் பாதுகாப்பு மையம் எச்சரித்தது. ஒரு வலைப்பின்னல் நிருவாகியின் நிலையை எண்ணிப் பாருங்கள். காலையில் வந்து பதிவேட்டைப் புரட்டுகிறார். இரவெல்லாம் யாரோ 6112-ஐத் தட்டியிருக்கிறார்கள். திருடனா, விளையாடும் பையனா? எண்ணை மட்டும் பார்த்து அவரால் சொல்ல முடியாது. கதவின் மேல் எழுதியுள்ள எண், உள்ளே இருப்பவர் யார் என்பதற்குச் சாட்சி ஆகாது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்டு.

நீங்களே பார்க்கலாம்

இந்தக் கதவுகளை நேரில் காண உங்கள் பள்ளியின் கணிப்பொறியே போதும். ஆசிரியரின் அனுமதியோடு செய்யுங்கள். விண்டோஸ் கணிப்பொறியில் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து, ‘நெட்ஸ்டாட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, கழித்தல் குறியும் அதை ஒட்டி ‘என்’ என்ற சிறிய எழுத்தும் சேர்த்து அனுப்புங்கள். வரிசை வரிசையாக முகவரிகள் தோன்றும். ஒவ்வொரு முகவரியின் இறுதியிலும், முக்காற்புள்ளியை அடுத்து இருப்பதுதான் கதவு எண். இடப்பக்கம் உங்கள் கணிப்பொறியினுடையது; பெரும்பாலும் 49,152-க்கு மேற்பட்ட ஐந்திலக்க எண்ணாக இருக்கும். அது அந்த உரையாடலுக்கு மட்டும் இயக்க மென்பொருள் கொடுத்த தற்காலிக எண்; இணைப்பு முடிந்ததும் வேறு யாருக்காவது போய்விடும். வலப்பக்கம் எதிர்த்தரப்பின் கதவு. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்துவிட்டுப் பாருங்கள். அங்கே 443 என்ற எண் அடிக்கடி வரும். பிறகு பக்கத்தை மூடிவிட்டு, சிறிது நேரம் கழித்து அதே கட்டளையை மறுபடி கொடுத்து, எந்த வரிகள் மறைந்தன, எவை இன்னும் நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.